நூற்றுக்கு மூன்று குறைந்தது: கடலூரில் ஒருவர் செய்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார்

பின்னணி

கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருக்கும் 23 வயது இளைஞர் ஒருவர், 2024 ஜூனில் தொடங்கி 2025 மார்ச் வரை தன் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரைச் செய்து முடித்த விவரம் இது. அவர் டிப்ளமோ படித்தவர், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கிட்டார் கற்கிறார். அவருடைய தாய்மாமன் தச்சர். நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். கதவு, ஜன்னல், கட்டில் செய்து நாற்பது வருடப் பழக்கம் உள்ள கை. ஆனால் கிட்டாரை அதுவரை தொட்டதில்லை.

நடுவில் ஒரு தவறு நடந்தது. அதைத் தவிர்த்திருக்க முடியும் என்பதாலும், அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதாலும் எழுதி வைக்கிறேன். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

நெக்கை வாங்குவது, பாடியைச் செய்வது

முதலில் அவர் எல்லாவற்றையும் தானே செய்ய நினைத்தார். நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியை மட்டும் வாங்கிவிடச் சொன்னேன். காரணம் கணக்குதான். கம்பியின் முழு நீளம் 648 மி.மீ. என்றால், அதை 17.817 ஆல் வகுத்தால் வரும் 36.37 மி.மீ.தான், நெக்கின் மேல்முனையில் கம்பிகள் ஏறி உட்காரும் நட் என்ற சிறு கட்டையிலிருந்து முதல் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதிக்கும் உலோகக் கோட்டின்) தூரம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட். இப்படியே 22 கோடு அறுக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324 மி.மீ.இல் வந்து விழ வேண்டும். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அந்தச் சுரம் கடைசிவரை பிசகிக்கொண்டே இருக்கும், அப்புறம் திருத்த முடியாது. உள்ளே, நெக் வளையாமல் பிடித்து வைக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி வேறு பதிக்க வேண்டும். முதல் முறை செய்பவர் இதில் இறங்கினால் பாதியில் மனம் உடைந்து விட்டுவிடுவார் என்று பயந்தேன். பாடி அப்படியில்லை, அது மரப்பலகை. ஓரம் கொஞ்சம் கோணினாலும் பாட்டுக் கெடாது.

ஒரு இடத்தைத் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மரம் மாமாவின் பட்டறையிலேயே இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்புகளும் முந்திரித்தோப்புகளும் சாய்ந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது விழுந்த ஒரு பலா மரத்தை மாமா வாங்கி அறுத்து அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு வருடம் நிழலில் காய்ந்த பலகை. மரவாடியில் புதுத் தேக்கு வாங்கலாமா என்று இளைஞர் கேட்டதற்கு மாமா சொன்னது: “மாப்ள, வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆவுற மரம், உன் கிட்டாருக்கு ஆவாதா?”

அந்த முடிவு சரிதான், ஆனால் காரணம் வேறு. வீணையில் மரமே குடமாக நின்று ஒலிக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் என்ற காந்தச் சுருள் இரும்புக் கம்பியின் அசைவைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது, அதனால் மரத்தின் பங்கு அதைவிடக் குறைவு. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முறுக்கிக்கொள்ளக் கூடாது, திருகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வருடம் காய்ந்த பலா இது மூன்றையும் தரும்.

ஜூலையில் இரண்டு பலகையை இழைத்து, ஃபெவிகால் வைத்து ஒட்டி, 45 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தார்கள். பலாத்தூள் மஞ்சளாக இருக்கும். பனியன், கை, தலைமுடி எல்லாம் மஞ்சள் ஏறி வந்து நின்றார். தும்மலும் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து முகக்கவசம் கட்டச் சொன்னேன், கட்டினார்.

ஆகஸ்ட், செப்டம்பர்: எல்லாமே இறுக்கமாக வந்தது

பாடியின் உருவம், நெக் உட்காரும் குழி, பிக்கப் குழி, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் தகடு வரும் இடம் எல்லாம் வரைந்த ஒரு மாதிரித்தாளைப் பதிவிறக்கி, பிரிண்ட் எடுக்கும் கடையில் ஏ4 தாள்களாக எடுத்து ஒட்டினார். அதை ஒட்டுப்பலகையில் மாற்றி வெட்டி, அந்த அச்சைப் பிடித்துக்கொண்டு ரௌட்டரை (மரத்தில் குழி கடையும் இயந்திரத்தை) ஓட்டினார்.

நெக்கின் அடிப்பகுதி 56 மி.மீ. அகலம். குழிக்குள் அது இறங்கவில்லை. எனக்கு ஃபோன் செய்தார். “அண்ணா, குழி ரொம்ப டைட்டா இருக்கு, நெக் உள்ள போகல” என்றார். நான் வேறு வேலையில் இருந்தேன். “பக்கத்துல அரத்தால கொஞ்சம் இழைச்சு விடு தம்பி, மரம்னா அப்படித்தான்” என்றேன். இழைத்தார், உட்கார்ந்தது.

ஒரு வாரம் கழித்துப் பிக்கப் குழியும் இறுக்கம். அதையும் இழைத்தார், இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியில் பிரிட்ஜ் தகட்டை மாதிரித்தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது, ஓரத்துத் திருகுத் துளைகள் தாளில் இருந்த புள்ளிகளோடு சேரவில்லை. தகடு வேறு கம்பெனியுடையது, அதனால் இருக்கும் என்று நினைத்துத் தகட்டையே வைத்துப் புள்ளி போட்டுக்கொண்டார். தகடு நிற்க வேண்டிய கோட்டை மட்டும் தாளிலிருந்தே எடுத்தார். ஐந்து துளையும் போட்டாயிற்று.

மூன்று அறிகுறி கண்ணில் பட்டது. மூன்றுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு சமாதானம் கிடைத்தது. மாமா ஒருமுறை, “எல்லாமே சின்னதாவே வருதே” என்று சொன்னாராம். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: மழை

அக்டோபரில் லாக்கர் என்ற மரப்பூச்சு அடித்தார்கள். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் நாளில் லாக்கர் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பால் ஊற்றினாற்போல் வெள்ளை பூத்துவிட்டது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார்கள், மறுபடி பூத்தது. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை தொடக்கூடாது என்று மாமா நிறுத்திவிட்டார்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம். பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பாடி பரணில் இருந்ததால் தப்பியது. மாமாவின் இரண்டு இயந்திரங்கள் தப்பவில்லை. அந்த மாதம் கிட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொங்கல் முடிந்து, பனி விலகிய பிறகு காலை பதினோரு மணியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள் மட்டும் லாக்கர் அடித்தார்கள். இந்த முறை வெள்ளை பூக்கவில்லை. மஞ்சளாக இருந்த பலா அதற்குள் தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

பிப்ரவரி: கம்பி ஏற்றிய நாள்

வயரிங் அவரே செய்தார். ஒரு இடைஞ்சல் வந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கொடுத்த 10 கே (பத்தாயிரம் ஓம்) பாட் என்ற பாகத்தைப் போட்டுவிட்டார், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250 கே போட வேண்டும். மாற்றியதும் தெளிந்தது.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கிட்டாரைக் கையில் கொடுத்துவிட்டு, “கம்பியைத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்குண்ணா” என்றார். நான் உடனே ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைக்கச் சொன்னேன்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு வயர் போய், கேபிள் செருகும் ஜாக்கின் கிரவுண்டில் சேரும். அதனால் கம்பியைத் தொடும் கை, கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்துவிடுகிறது. கை வைத்ததும் இரைச்சல் குறைவது அதனால்தான். ஆனால் ஆம்ப்பின் பெட்டியில் மின்கசிவு இருந்து, வீட்டில் எர்த்தும் இல்லையென்றால், அந்தக் கசிவு வாசிப்பவரின் உடம்பு வழியாகப் போகும். பழைய ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கை, அவர் இரண்டு முள் அடாப்டரில் மாட்டியிருந்தார். எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. பிரிட்ஜில் டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது.

“பிரிட்ஜ் வயரை வெட்டிட்டா சரியாயிடும்ல?” என்று கேட்டார். வெட்டினால் கம்பியில் உறைப்பது நிற்கும். ஆனால் ஜாக், கேபிள் முனை, ஆம்ப் பெட்டி எல்லாவற்றிலும் மின்சாரம் அப்படியே இருக்கும். கால் ஈரத்தோடு நிற்கும் ஒரு நாளில் அது ஆளைக் கொல்லும். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை ஆம்ப்பில் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டு போர்டில் எர்த் வயர் எங்கும் போய்ச் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம் பேசிப் புதிதாக எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தார்கள். ஆம்ப்பையும் ஒருமுறை பழுது பார்க்கக் கொடுத்து வாங்கினார். இதற்கு இரண்டு வாரம் போனது, கிட்டாருக்கு ஆன செலவில் பாதி இதற்கும் ஆனது. அதில் எங்கள் யாருக்கும் வருத்தமில்லை.

சுருதி சேரவில்லை

அப்புறம்தான் வாசித்துப் பார்த்தோம். விரல் அழுத்தாத திறந்த கம்பிகள் ஆறும் சுருதி சேர்ந்தன. முதல் ஃப்ரெட்டுகளில் ஓரளவு பரவாயில்லை. மேலே போகப் போக எல்லாம், இருக்க வேண்டிய சுரத்தைவிடக் கூர்மையாக ஏறியது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சரியாக மேல் ஸ்தாயி வர வேண்டும், வரவில்லை. ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். தடித்த கம்பியில் 20 சென்ட்டுக்கு மேல் ஏறியிருந்தது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும், திருகால் நகர்த்தக்கூடிய சேடில்களை முழுக்கப் பின்னால் தள்ளினோம். மெல்லிய கம்பி கிட்டத்தட்டச் சரிக்கு வந்தது. தடித்த கம்பி இன்னும் 13 சென்ட் கூர்மை. திருகில் இனி இடமில்லை.

அவர் முகம் வாடிவிட்டது. நெக் மட்டமானது, ஏமாந்துவிட்டோம் என்றார். விற்றவரிடம் சண்டை போடும் எண்ணத்தில் இருந்தார். முதலில் அளப்போம் என்றேன். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு 324 மி.மீ. நெக்கில் குறையில்லை. அங்கிருந்து பிரிட்ஜில் அவர் முதலில் குறித்த கோட்டுக்கு 318.5 மி.மீ. ஐந்தரை மில்லிமீட்டர் குறைவு.

நெக் முட்டி நிற்கும் குழிச்சுவரிலிருந்து பிரிட்ஜ் கோட்டுக்கு மாதிரித்தாளில் 180 மி.மீ. என்று எழுதியிருந்தது. தாளில் அளந்தால் 174.6. அதன் மூலையில் ஒரு கோடு வரைந்து, ‘இது 100 மி.மீ. இருக்க வேண்டும்’ என்று குறிப்பும் இருந்தது. அதன்மேல் அளவுகோலை வைத்தோம். 97.

கடையில் பிரிண்ட் எடுத்தபோது, தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் தேர்வு போடப்பட்டிருக்கிறது. மொத்தப் படமும் நூற்றுக்கு மூன்று சுருங்கிவிட்டது. நெக் குழி 56க்குப் பதில் 54.3. பிக்கப் குழி, பிரிட்ஜ் புள்ளிகள், பாடியின் நீளம் எல்லாமே அதே விகிதத்தில். மாமா சொன்னதுதான்: எல்லாமே சின்னது. கை செய்யும் பிழை அப்படி வராது. கை தவறினால் ஒரு குழி இறுகும், இன்னொன்று தளரும். எல்லாம் ஒரே பக்கமாகத் தவறினால் பிழை அளவில்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆகஸ்டில் ஃபோனில் கேட்டபோது, எவ்வளவு இறுக்கம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், 1.7 மி.மீ. என்று அளந்து சொல்லியிருப்பார். 1.7 மி.மீ. என்பது ரௌட்டர் தவறும் அளவல்ல என்று அப்போதே தெரிந்திருக்கும். பார்க்காமல் பதில் சொன்னது என் தவறு. அதை அன்றே அவரிடம் சொன்னேன்.

என்ன செய்வது என்று எடுத்த முடிவு

மூன்று வழி இருந்தது. நெக்கைக் குழியிலிருந்து ஐந்தரை மில்லிமீட்டர் முன்னால் இழுத்து, இடைவெளியில் மரத்தகடு வைப்பது ஒன்று. அப்படிச் செய்தால் நெக் குழிக்குள் பிடித்து நிற்கும் நீளம் குறைந்துவிடும். 9 முதல் 42 அளவுக் (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். அந்த மூட்டைப் பலவீனமாக்க மனம் வரவில்லை. புதுப் பாடி செய்வது இரண்டாவது வழி. மரம் இருந்தது, ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு மாமாவுக்கு வேலை மலைபோல் குவிந்திருந்தது. மூன்றாவது, பிரிட்ஜைப் பின்னால் நகர்த்துவது.

நகர்த்துவதிலும் ஒரு சிக்கல். புதுத் துளை பழைய துளைக்கு ஒட்டியே வரும், நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் மரம்தான் மிஞ்சும், பிளந்துவிடும். எனவே பழைய துளைகளை அடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கடையில் விற்கும் உருளைக் குச்சியை அடிக்கலாம் என்று நான் சொன்னேன். மாமா மறுத்தார். “குச்சியில நார் மேல பாத்து நிக்கும். நார் நுனியில திருகு போட்டா பொடிஞ்சி வந்துடும். பலகையிலேர்ந்து குறுக்கால வெட்டி முளை சீவணும்.” மிச்சமிருந்த அதே பலாவில், நார் பாடியோடு படுத்திருக்கும்படி 8 மி.மீ. முளைகள் ஐந்து சீவினார். துளைகளை 8 மி.மீ.க்கு அகலப்படுத்தி, பசை வைத்து இறக்கி, ஒரு நாள் முழுக்க விட்டார்கள். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். கிட்டாரைத் தொடாத ஒருவரின் நாற்பது வருட மர அறிவு, மற்ற இருவருக்கும் தெரியாத ஒன்றைச் சரியான நேரத்தில் சொன்னது.

எவ்வளவு நகர்த்துவது? ஐந்தரை அல்ல, ஏழு. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுரம் ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு சேடிலும் கணக்கு நீளத்தைவிடக் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். மெல்லிய கம்பிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு, தடித்த கம்பிக்கு ஐந்து வரைகூட ஆகும். இந்த முறை தாளைத் தொடவே இல்லை. நெக்கைத் திருகி, இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் தற்காலிகமாக இழுத்துக் கட்டி, அவை நெக்கின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து அளவு நாடாவால் நேராக அளந்து குறித்தோம். மூன்று பேரும் தனித்தனியாக அளந்தோம். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் துளை.

அதன்பின்

மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி கம்பி ஏற்றினோம். ஆறு கம்பியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு சென்ட்டுக்குள் வந்தன. தடித்த கம்பியின் சேடிலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. முளைகளில் இரண்டின் ஓரம் பிரிட்ஜ் தகட்டுக்கு வெளியே தெரிகிறது. மறைக்க வேண்டுமா என்று மாமா கேட்டார், இருக்கட்டும் என்று இளைஞர் சொல்லிவிட்டார்.

மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் நெக் கொஞ்சம் அசைந்தது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. மே மாதம் அது இரட்டிப்பாகியிருந்தது. ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கியதும் சரிக்கு வந்தது. கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறுகிறது, அதற்கு வாசித்து முடித்ததும் துணியால் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாடி நூற்றுக்கு மூன்று சிறியது என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மடியில் வைத்துக்கொள்ள இன்னும் வசதி என்றுகூட அவர் சொல்கிறார். மொத்த எடை நாலு கிலோவைத் தொடுகிறது, பலா சற்றுக் கனம்தான்.

என்ன மாறியிருக்கும்

பிரிண்ட் எடுத்ததும் அந்த 100 மி.மீ. கோட்டை அளந்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு வேலையில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது. கோட்டை அளந்திருந்தாலும் பிரிட்ஜின் இடத்தைத் தாளிலிருந்து எடுப்பது சரியல்ல. நெக் உட்கார்ந்த பிறகு, அந்த நெக்கிலிருந்தே அளந்து எடுக்க வேண்டும். பாடியில் பிசகக் கூடாத ஒரே இடம் அதுதான், வேலையின் வரிசையில் கடைசியாக வர வேண்டியதும் அதுதான்.

எர்த் விஷயத்தை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடமாக என்னிடம் வருகிற பையன், அந்த வீட்டில் அந்த ஆம்ப்பைத்தான் பயன்படுத்தினார். அவருடைய முந்தைய கிட்டார் ஆம்ப்பில் மாட்டும் அக்கூஸ்டிக், அதில் கம்பி கிரவுண்டோடு சேராததால் கையில் உறைக்கவில்லை. இப்போது புதிதாகச் சேரும் மாணவர்களிடம் வீட்டு பிளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

லாக்கரை அக்டோபரில் தொடங்கியிருக்கவே கூடாது. இது மாமாவுக்குத் தெரியும். மருமகனின் அவசரத்துக்காகச் சம்மதித்தேன் என்று சொன்னார்.

ஃபோனில் வரும் கேள்விகளுக்கு, அளவு என்ன என்று கேட்காமல் இப்போது நான் பதில் சொல்வதில்லை. சென்ற மாதம் அவர் இரண்டாவது பாடிக்கு மாதிரித்தாள் எடுத்தார். இந்த முறை அவராகவே, அந்தக் கோட்டின் மேல் ஸ்டீல் அளவுகோலை வைத்த படத்தை முதலில் அனுப்பினார். 100 மி.மீ. இருந்தது. படத்தின் ஓரத்தில் மாமாவின் கைவிரலும் தெரிந்தது, மஞ்சளாக.